ஊமத்தை வேரிலிருந்து ஓர் ஊசிமருந்து

வேலியோரங்களிலும் வெறும் வளவுகளிலும் குப்பை கொட்டும் இடங்களிலும் யாரும் நடாமலே முளைத்து நிற்கிறது ஊமத்தை. அதைக் கண்டால் பிள்ளைகளைத் தள்ளிப் போகச் சொல்வது பெரியவர்களின் வழக்கம். அந்த எச்சரிக்கை சரியானது. அதன் முட்காயை அறியாமல் கடித்த பிள்ளைக்கு வாய் வறண்டு, கண்மணி விரிந்து, நெஞ்சு படபடத்து, பேச்சுத் தடுமாறும். இல்லாதவையெல்லாம் கண்ணில் தெரியும். ஆனால் இந்தக் கேட்டைச் செய்யும் பொருள்களில் ஒன்றையே, அளவறிந்து, வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவில் நாளம் வழியாக ஏற்றுகிறார்கள். அற்றோபீன் என்று அதற்குப் பெயர். இலங்கையின் வயல் சூழ்ந்த அம்பாறைக் கரையில் அது கையிருப்பில் இல்லாத ஒரு நாளை எந்த வைத்தியரும் நினைத்துப் பார்க்க விரும்பமாட்டார். இத்தகைய மருந்துகளைச் செடியின் வேரை மட்டும் கண்ணாடிக் குடுவையில் வளர்த்துப் பெறும் முறையும், அந்த வேரில் மருந்தின் அளவைக் கூட்டும் வழிகளும் கடந்த நாற்பது ஆண்டுகளில் வெகுவாக முன்னேறியிருக்கின்றன. அந்த அறிவை இறக்குமதி செய்தால் மட்டும் போதாது, இங்குள்ள செடிகளை வைத்து இங்கேயே அதை வளர்க்க வேண்டும் என்பது என் வாதம். அதற்கான காரணம் ஊர்ப்பற்றில் இல்லை; அந்த ஆய்வுகளின் முடிவுகளிலேயே இருக்கிறது.

முதலில் தேவையைப் பார்ப்போம். கல்லோயாத் திட்டத்தின் நீர் பாயும் சம்மாந்துறை, நிந்தவூர், இறக்காமம், அக்கரைப்பற்று வட்டாரங்களில் பெரும்போகமும் சிறுபோகமும் நடக்கின்றன. போகந்தோறும் கிருமிநாசினியும் தெளிக்கப்படுகிறது. அவற்றுள் ஓகனோபொஸ்பேற் வகையைச் சேர்ந்தவை உடலுக்குள் போனால், நரம்பின் செய்தியைத் தசைக்கும் சுரப்பிக்கும் கடத்தும் அசற்றைல்கோலின் என்ற பொருளைச் சிதைத்து அகற்றும் நொதியத்தை முடக்கிவிடுகின்றன. செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். எச்சில் வழியும், சளி நுரையீரலை நிரப்பும், மூச்சுக்குழாய் சுருங்கும், இதயத் துடிப்பு இறங்கும். அற்றோபீன் அந்தச் செய்தி போய்ச் சேரும் வாசலை அடைத்துவிடுகிறது. எவ்வளவு கொடுக்கிறோம் என்பதோடு எவ்வளவு வேகமாகக் கொடுக்கிறோம் என்பதும் உயிரைத் தீர்மானிக்கிறது. பங்களாதேஷில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், பழைய முறைப்படி அற்றோபீன் பெற்றவர்களில் 22.5 வீதமானோர் இறந்தார்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்கி, பின்னர் தொடர்ந்து ஏற்றும் முறையில் சிகிச்சை பெற்றவர்களில் இறந்தவர்கள் 8 வீதம்தான். இப்படி வேகமாக ஏற்றுவதற்கு அலுமாரி நிறையக் குப்பிகள் இருக்க வேண்டும்.

இலங்கையில் பூச்சிநஞ்சு குடித்து இறக்கும் அவலத்தைக் குறைத்ததில் பெரும்பங்கு மருந்துக்கு உரியதல்ல, தடைச் சட்டங்களுக்கு உரியது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1995இல் ஒரு இலட்சம் பேருக்கு 47 என்றிருந்த தற்கொலை வீதம், மிகக் கொடிய பூச்சிநஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பின் 2005 அளவில் ஏறக்குறையப் பாதியாக இறங்கியது. உலகம் இன்றும் எடுத்துக்காட்டும் சாதனை அது. ஆயினும் நஞ்சு முற்றாக ஒழிந்துவிடவில்லை. தெளிக்கும்போது தவறுதலாகப் பாதிக்கப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த நாடு பயன்படுத்தும் மருந்துகளில் மிகப் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்தே வருகிறது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது வைத்தியசாலைகளில் சாதாரண மருந்துகளுக்கும் தட்டுப்பாடு வந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. இந்த இடத்தில் ஒரு சிறு கணக்கு உதவும். அற்றோபீன் ஊசிக் குப்பி ஒன்றில் பொதுவாக இருப்பது 0.6 மில்லிகிராம். அப்படியானால் ஒரேயொரு கிராம் அற்றோபீன், ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட குப்பிகளுக்குப் போதும். நாம் பேசிக்கொண்டிருப்பது தொன் கணக்கான சரக்கைப் பற்றியல்ல.

இந்த மருந்தின் குடும்பம் அல்கலோயிட்டுகள் எனப்படும் பெரிய கூட்டத்தைச் சேர்ந்தது. நைதரசன் கொண்ட, பெரும்பாலும் கசப்பான, சிறிதளவிலேயே உடலை ஆட்டிவைக்கும் தாவரப் பொருள்கள் இவை. தேயிலையின் கஃபீன், பாக்கின் அரிக்கோலின், புகையிலையின் நிக்கொற்றீன் எல்லாம் இந்தக் கூட்டந்தான். ஊமத்தையிலும் அதன் உறவுச் செடிகளிலும் இருக்கும் ஹயோசயமீனும் ஸ்கொபோலமீனும் அதில் ஒரு கிளை. ஹயோசயமீனைப் பிரித்தெடுக்கும்போது அது அற்றோபீனாக மாறுகிறது. இவற்றின் வேகத்தை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். யுனானி ஹக்கீம்மார் பஸ்ருல் பன்ஜ் என்றும் நாட்டுமருந்துக் கடைக்காரர்கள் குரோசாணி ஓமம் என்றும் சொல்லும் விதை, இதே அல்கலோயிட்டுகள் உள்ள செடியினுடையது. வலி தணிக்கவும் தூங்கவைக்கவும் அதைப் பயன்படுத்தினார்கள். இழுப்பு நோய்க்கு ஊமத்தையைப் புகைக்கும் தென்னிந்திய வைத்தியம் 1800களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குப் போனது. இன்று இழுப்புக்காரர் உறிஞ்சும் இப்ரட்ரோபியம் அற்றோபீனிலிருந்து பிறந்தது. வயிற்றுக்குத்துக்குப் பாமசியில் வாங்கும் பஸ்கொபான் குளிசை ஸ்கொபோலமீனிலிருந்து செய்யப்படுகிறது. பழைய வைத்தியத்துக்கும் புதிய மருந்துக் கடைக்கும் இடையில் இவ்வளவு நேரான பாதை வேறு சில மருந்துகளுக்கே உண்டு.

ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1917இல், ரொபர்ட் ரொபின்சன் என்ற இரசாயனவியலாளர் இந்த மூலக்கூறுகளின் நடுச்சட்டத்தை ஒரே பாத்திரத்தில் செய்து காட்டினார். அப்படியிருந்தும் ஸ்கொபோலமீனைப் பொறுத்தவரை இன்றைக்கும் உலகம் செடியையே நம்பியிருக்கிறது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் டுபோயிசியா என்ற சிறுமரத்தைத் தோட்டமாக வளர்த்து, இலையைக் காயவைத்து ஏற்றுமதி செய்கிறார்கள். ஆய்வுகூடத்தில் கட்டுவது முடியாத காரியமல்ல. ஆனால் பல படிகளைக் கடந்து வரும்போது செலவு ஏறிவிடுகிறது. செடியோ மண்ணிலிருந்து எடுத்த நைதரசனையும் வெயிலில் செய்த சீனியையும் கொண்டு அதைச் சத்தமில்லாமல் செய்கிறது.

செடி அதை எங்கே செய்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்தது ஒட்டுக்கட்டலில். 1940களில் ரே டோசன் என்ற அமெரிக்க ஆய்வாளர் புகையிலை வேரில் தக்காளித் தண்டை ஒட்டினார். தக்காளி இலையில் நிக்கொற்றீன் சேர்ந்தது. தக்காளி வேரில் புகையிலையை ஒட்டியபோது புகையிலை இலையில் நிக்கொற்றீன் மிகச் சொற்பமாகவே இருந்தது. ஊமத்தை இனங்களிலும் இப்படியே: அதன் வேரில் ஒட்டிய தக்காளி நஞ்சைச் சேர்த்துக்கொள்கிறது. அடுக்களையில் ஆக்கி விறாந்தையில் பரிமாறும் வீட்டைப் போல, வேரில் ஆக்கப்பட்ட அல்கலோயிட் நீர் கடத்தும் காழ் வழியாக மேலேறி இலையிலும் காயிலும் தங்குகிறது. இலையைத்தான் நாம் பறிக்கிறோம், காயைத்தான் பிள்ளைகள் கடிக்கிறார்கள். ஆனால் உற்பத்தி நடப்பது மண்ணுக்குக் கீழே.

அதிலும் வேரின் எல்லாக் கலங்களும் ஒரே வேலையைச் செய்வதில்லை. 1990களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஊமத்தையின் உறவான பெலடோனாச் செடியின் வேரையும் குரோசாணி ஓமச் செடியின் வேரையும் மெல்லிய சீவல்களாக அரிந்து, எந்த நொதியம் எந்த அடுக்கில் இருக்கிறது என்று தேடினார்கள். தொடக்கப் படியைச் செய்யும் பிஎம்ரி என்ற நொதியம் வேரின் நடுத்தண்டைச் சூழ்ந்த பரிவட்டவுறையில் இருந்தது. இடைப்படி ஒன்றைச் செய்யும் நொதியம் அதற்கு வெளியே, அகத்தோலிலும் புறப்பக்க மேற்பட்டையிலும் இருந்தது. ஹயோசயமீனை ஸ்கொபோலமீனாக மாற்றும் எச்6எச் என்ற கடைசி நொதியம் மறுபடியும் பரிவட்டவுறைக்குள். ஆக, பாதி முடிந்த பொருள் ஓர் அடுக்கிலிருந்து வெளியே போய், மீண்டும் உள்ளே வந்துதான் மருந்தாக முற்றுகிறது. இழைய வளர்ப்பின் முதல் தலைமுறை இந்த மருந்துகளில் ஏன் தோற்றது என்பது இதனால் விளங்கும். செடியின் ஒரு துண்டை வெட்டி, உருவமற்ற கலத்திரளாகப் பெருக்கினால் அது செழித்து வளரும். ஆனால் அதில் அடுக்கு இல்லை, ஆகவே அல்கலோயிட்டும் அநேகமாக இல்லை. வேர் வேராகவே இருந்தால்தான் இந்த வேலை நடக்கும்.

வேரை உடலில்லாமல் வளர்ப்பது எப்படி? இங்கே உதவிக்கு வந்தது ஒரு நோய்க்கிருமி. அக்ரோபக்டீரியம் ரைசோஜெனிஸ் என்ற மண் பற்றீரியா, காயம்பட்ட செடிக்குள் புகுந்து தன் பரம்பரையலகுகள் சிலவற்றைச் செடியின் கலத்துக்குள் பதித்துவிடும். பதிந்த இடத்திலிருந்து கொத்துக் கொத்தாக மெல்லிய வேர்கள் வெடித்துக் கிளம்பும். அப்பிள் தோட்டக்காரர்களுக்கு அது ஒரு தொல்லை. உண்மையில் அங்கே பரம்பரையலகு இடம்பெயர்கிறது என்பதை 1982இல் மேரி-டெல் சில்டனும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் உறுதிப்படுத்தினார்கள். அதன் பின் வந்த சில ஆண்டுகளிலேயே இது மருந்து வளர்க்கும் கருவியாகிவிட்டது. இலைத் துண்டில் கீறி, பற்றீரியாவைத் தடவி, வேர் முளைத்ததும் நுண்ணுயிர்க்கொல்லியால் பற்றீரியாவைக் கொன்று, வேரை மட்டும் வெட்டிச் சீனியும் உப்புகளும் கரைந்த திரவத்தில் இட்டு இருட்டில் குலுக்கிக்கொண்டிருந்தால் போதும். ஓமோன் எதுவும் ஊட்டாமலே அது கிளைவிட்டு வளரும். மயிர்வேர் என்று இதைச் சொல்லலாம். ஒரே வேரிலிருந்து பெருக்கிய ஒவ்வொன்றையும் ஒரு வழி என்பார்கள்; நன்றாக வளரும் வழிகள் இரண்டு மூன்று நாளில் இரட்டிப்பாகின்றன. ஆண்டுக்கணக்கில் குணம் மாறாமலும் இருக்கின்றன. அதைவிட முக்கியமாக, முழுச்செடியின் வேர் செய்யும் அல்கலோயிட்டை இதுவும் செய்கிறது.

செய்கிறது என்பதோடு காரியம் முடிவதில்லை. எவ்வளவு செய்கிறது என்பதே மருந்துக்கான கேள்வி. முதல் உத்தி தெரிவு: ஒரே செடியிலிருந்து எடுத்த மயிர்வேர் வழிகளுக்குள்ளேயே அல்கலோயிட் அளவு பெரிதும் வேறுபடும், ஏனெனில் பற்றீரியாவின் பரம்பரையலகு ஒவ்வொன்றிலும் வெவ்வேறு இடத்தில் பதிகிறது. பல வழிகளை வளர்த்து, அளந்து, நல்லதை வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது உத்தி, வேரைச் சீண்டுவது. செடி அல்கலோயிட் செய்வது நமக்காக அல்ல, தன்னைத் தின்ன வருவதைத் தடுக்க. புழு இலையைக் கடித்தால் ஜஸ்மோனிக் அமிலம் என்ற காய ஓமோன் கீழே செய்தி கொண்டுபோகிறது. புகையிலை வேர் உடனே கூடுதலாக நிக்கொற்றீன் செய்து மேலே அனுப்புகிறது. அதனால் குடுவையிலுள்ள வேருக்கு மீதைல் ஜஸ்மோனேற்றைச் சிறிதளவு சேர்த்தால், கடிபடாமலே கடிபட்டதாக அது நம்புகிறது. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைற்றோசனும் இப்படித்தான்: பூஞ்சணத்தின் சுவரிலுள்ள பொருளுக்கு உறவானது என்பதால், பூஞ்சணம் தாக்குகிறது என்று வேர் தற்காப்பில் இறங்கும். வெள்ளி உப்பு, சலிசிலிக் அமிலம், ஈஸ்ட் சாறு எல்லாம் பரீட்சிக்கப்பட்டிருக்கின்றன. இதில் ஒரு விலை உண்டு. தற்காப்புக்குச் செலவிடும் சக்தி வளர்ச்சியிலிருந்து கழிகிறது. இளவேரைச் சீண்டினால் அது குன்றிவிடும். ஆகவே முதலில் வளரவிட்டு, பிறகு சீண்டுவதே வழக்கம். உலோக உப்பைப் பயன்படுத்தினால் மருந்தில் அதன் தடமும் இருக்கக்கூடாது. மூன்றாவதாக, செய்ததை வேர் தனக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்ளும் இயல்பைத் தளர்த்தி, திரவத்துக்கு வரும் அல்கலோயிட்டைப் பிசின் மணிகளால் உறிஞ்சி எடுப்பது. கையில் எடுக்க எடுக்க வேரும் தொடர்ந்து செய்கிறது.

நாலாவது உத்தி, பாதையில் நெருக்கடி எந்த இடத்தில் என்று கண்டுபிடித்து அங்கே நொதியத்தைக் கூட்டுவது. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் என் வாதம் நிற்பது இதில்தான். கடைசிப் படியான எச்6எச் நொதியத்தின் பரம்பரையலகு 1991இல் ஜப்பானில் பிரித்தெடுக்கப்பட்டது. எகிப்திய குரோசாணி ஓமத்தின் மயிர்வேரில் அதைக் கூடுதலாகப் பதித்தபோது, 1999இல் வெளியான ஆய்வின்படி, சிறந்த வழியில் ஸ்கொபோலமீன் நூறு மடங்குக்கும் மேல் கூடியது. நூறு மடங்கு என்பது வியப்பூட்டும் எண்; ஆனால் தொடக்கம் மிகச் சிறிது என்பதால், கிடைத்தது லீற்றருக்கு 17 மில்லிகிராம்தான். 2004இல் சீன ஆய்வாளர்கள் கறுப்புக் குரோசாணி ஓமத்தில் இரண்டு படிகளை ஒன்றாகத் தொட்டார்கள். சாதாரண மயிர்வேரில் லீற்றருக்கு 43 மில்லிகிராம் ஸ்கொபோலமீன். எச்6எச் மட்டும் கூட்டிய சிறந்த வழியில் 184. தொடக்கத்திலுள்ள பிஎம்ரியையும் கடைசியிலுள்ள எச்6எச்சையும் சேர்த்துக் கூட்டிய வழியில் 411. வாய்க்காலின் கடைசி மதகை மட்டும் திறந்தால் வயலுக்குக் கொஞ்சம் தண்ணீர் வரும். தலைமதகையும் திறந்தால்தான் நிறைய வரும் என்பது நம் விவசாயிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதற்கு நடுவே, 2003இல், ஐரோப்பிய ஆய்வாளர்கள் ஒரே பிஎம்ரி பரம்பரையலகை இரண்டு செடிகளின் மயிர்வேரில் பதித்துப் பார்த்தார்கள். ஒன்று எகிப்திய குரோசாணி ஓமம். மற்றது நம் வளவுகளில் நிற்கும் ஊமத்தை. எகிப்தியச் செடியில் ஹயோசயமீன் மட்டும் கூடியது. நம் ஊமத்தையில் ஹயோசயமீனும் ஸ்கொபோலமீனும் இரண்டும் கூடின. வெளிப்பார்வைக்கு இது சின்ன வேறுபாடு. இதன் பொருளோ பெரிது: ஒரே குடும்பத்துச் செடிகளில்கூட நெருக்கடி ஒரே இடத்தில் இல்லை. ஒரு செடிக்கு எழுதிய தீர்வு அடுத்த செடிக்குப் பொருந்தாது. சீன ஆய்வாளர்களுக்குக் கிடைத்த 411 என்ற எண்ணைக் கொண்டுவந்து நம் ஊமத்தையில் எதிர்பார்க்க முடியாது. நம் ஊமத்தையின் வேர் எங்கே தடங்குகிறது, எதனால் சீண்டப்படுகிறது, எந்த வழி நிலைத்து நிற்கிறது என்பதை அதனிடமே கேட்டறிய வேண்டும். வெள்ளைப் பூ ஊமத்தையும் கருஊமத்தையும்கூட ஒன்றாக இருக்கும் என்று முன்கூட்டி எண்ணக்கூடாது. மற்றவர்கள் கண்டுபிடிக்கட்டும், நாம் பிறகு வாங்கிக்கொள்வோம் என்ற எண்ணம் இந்தத் துறையில் பலிக்காததற்குக் காரணம் இதுவே.

வேரை ஏன் கட்டிக்கொண்டு அழவேண்டும், ஈஸ்ட்டையே மருந்து செய்யப் பழக்கிவிட்டார்களே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. 2020இல் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பிரசாந்த் ஸ்ரீநிவாசனும் கிறிஸ்டினா ஸ்மோல்கியும், தாவரம், பற்றீரியா, விலங்கு எனப் பலவற்றிலிருந்து எடுத்த பரம்பரையலகுகளைச் சேர்த்து, சீனியிலிருந்து ஹயோசயமீனும் ஸ்கொபோலமீனும் செய்யும் ஈஸ்ட்டை உருவாக்கினார்கள். அற்புதமான வேலை. கிடைத்த அளவு லீற்றருக்கு ஏறக்குறைய 30 மைக்ரோகிராம். மயிர்வேரின் 411 மில்லிகிராம் அதைப் போலப் பதினாயிரம் மடங்குக்கும் மேல். 2022இல் பட்டிப்பூவின் புற்றுநோய் மருந்துக்கான இரு பாகங்களையும் ஈஸ்ட்டில் செய்தபோதும் அளவு லீற்றருக்கு நூற்றுக்கணக்கான மைக்ரோகிராம் என்ற எல்லைக்குள்ளேயே இருந்தது; அதற்கு 56 மாற்றங்கள் செய்யவேண்டியிருந்தது. ஈஸ்ட் என்றைக்கும் இப்படியே இருக்கும் என்று நான் சொல்லவில்லை. மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினின் முன்பொருள் 2013இல் ஈஸ்ட்டில் லீற்றருக்கு 25 கிராம் வரை உயர்ந்தது. அந்த உயர்வுக்குப் பெரும் பணமும் பல ஆண்டுகளும் தேவைப்பட்டன. அதன் பிறகும் வயலில் விளைந்த ஆர்ட்டிமிசினின் விலையில் அதை முந்திவிட்டது. மேலும், ஈஸ்ட்டுக்குள் வைக்க வேண்டிய பரம்பரையலகுகள் எவை என்று சொல்லித் தந்ததே வேர்களில் நடந்த ஆய்வு. வேரை அறியாதவர் ஈஸ்ட்டையும் திருத்த முடியாது.

அடுத்த தடை விலை. வயலில் விளையும் இலை மலிவு என்ற அதே உண்மை வேர்க் குடுவைக்கும் எதிராக நிற்கிறது. குயின்ஸ்லாந்து தோட்டங்களோடு கல்முனையிலிருந்து விலைப் போட்டி போட முடியும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அற்றோபீனின் விலையைக் குறைப்பது இந்த முயற்சியின் முதல் பயனாக இருக்காது. பெரிய பயன் வேறிடத்தில் இருக்கிறது: வேரைப் பிடுங்கினால் செத்துப்போகும் அரிய செடிகளில். 1931இல் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி, தில்லி திப்பியா கல்லூரியின் ஆய்வு நிலையத்தில், சர்ப்பகந்தி வேரிலிருந்து இதயத் துடிப்பை ஒழுங்காக்கும் ஓர் அல்கலோயிட்டைப் பிரித்து, அந்த நிலையத்தை எண்ணியெழுப்பிய ஹக்கீம் அஜ்மல்கானின் பெயரால் அதற்கு அஜ்மலின் என்று பெயரிட்டார். யுனானி மரபுக்கும் நவீன இரசாயனவியலுக்கும் நடந்த அந்தச் சந்திப்பு நம்மவர்கள் பெருமையோடு நினைக்க வேண்டியது. ஆனால் உலகம் அந்த வேரை விரும்பத் தொடங்கியதும் காடுகளில் அது அருகியது. இன்று அதன் வர்த்தகம் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அதன் மயிர்வேரில் அஜ்மலின் உருவாவது 1990களிலேயே இந்தியாவில் காட்டப்பட்டுவிட்டது.

கம்ப்டோதெசினின் கதையும் இத்தகையதே. சீன மரமொன்றில் 1966இல் கண்டறியப்பட்ட இந்தப் புற்றுநோய் எதிர்ப்பு அல்கலோயிட், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு சிறுமரத்தில் ஏராளமாக இருப்பதை 1972இல் தமிழரான தி. ஆர். கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும் அறிவித்தார்கள். அறிவிப்பின் பயனாக மருந்து மலிந்தது, மரங்கள் வெட்டுண்டன. ஆனால் 2001இல் ஜப்பானில், ஒஃபியோரைசா என்ற பூண்டின் மயிர்வேர் அதே பொருளைச் செய்து, தானாகவே திரவத்துக்குள் விடுவதைக் கண்டார்கள். பிசின் மணிகளால் அதை இறுத்தெடுக்கவும் முடிந்தது. அந்த இனத்தின் உறவான கீரிப்பூண்டு இலங்கையின் ஈரவலயக் காடுகளில் வளர்கிறது. ஊமத்தையில் கைபழகிய ஓர் ஆய்வுகூடம் நாளை கீரிப்பூண்டையும் சர்ப்பகந்தியையும் கையாளும். கருவியும் முறையும் ஒன்றே. செடி மட்டுந்தான் மாறும். ஊமத்தையைத் தொடக்கமாகச் சொல்வதற்கு அதன் மலிவே காரணம். எத்தனை முறை தோற்றாலும் வேலியோரத்தில் அடுத்த காய் இருக்கும்.

பரம்பரையலகு மாற்றிய பொருள் என்றதும் எழும் அச்சம் மூன்றாவது. மயிர்வேருக்குப் பூ இல்லை, மகரந்தம் இல்லை, விதை இல்லை. குடுவைக்கு வெளியே அதனால் பரவ வழியில்லை. கடைசியில் மருந்தாவது பிரித்தெடுத்த ஒரு மூலக்கூறு. இலையிலிருந்து வந்த அற்றோபீனுக்கும் அதற்கும் வேறுபாடு கிடையாது. இன்னொன்றையும் நினைக்கலாம். 2015இல் உலகின் பல பாகங்களிலிருந்து எடுத்த 291 வத்தாளங்கிழங்கு வகைகளைச் சோதித்தபோது, அத்தனையிலும் அக்ரோபக்டீரியத்தின் பரம்பரையலகுகள் இருந்தன. நெடுங்காலத்துக்கு முன்பே, யாருடைய ஆய்வுகூடமும் இல்லாமல், அந்தப் பற்றீரியா தன் வேலையைச் செய்து முடித்திருக்கிறது. அவித்துத் தேங்காய்ப்பூவோடு தின்னும் கிழங்கில் நாம் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்ட ஒன்றை, கண்ணாடிக்குள் அடைபட்ட வேரில் அஞ்சுவதற்கு நியாயம் குறைவு.

கடினமான தடை பொறியியலில் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. வேர்கள் வளர வளர ஒன்றோடொன்று சிக்கிப் பந்தாகின்றன. பந்தின் நடுவுக்கு ஒட்சிசன் போவதில்லை. கலக்கும் தகடு வைத்தால் வேரை வெட்டிவிடும். குமிழிக் காற்றாலும், திரவத்தைப் பனித்துளியாகத் தூவும் கலன்களாலும் இதைச் சமாளிக்கிறார்கள். கொரியாவில் ஜின்செங் வேர்களை ஆயிரக்கணக்கான லீற்றர் கலன்களில் வளர்த்து விற்கிறார்கள் என்பதால் இது தாண்ட முடியாத சுவர் இல்லை. ஊசிமருந்துக்கான தூய்மை, தேசிய ஒளடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதி, நஞ்சுப் பொருளைக் காவல் காக்கும் பொறுப்பு என்று அதற்கு அப்பாலும் நீண்ட பாதை இருக்கிறது. அந்தப் பாதையின் கடைசிப் பகுதி ஒரு தொழிற்சாலையின் வேலை. முதற்பகுதி ஒரு பல்கலைக்கழகத்தின் வேலை. அதற்கு வேண்டியவை எட்டாதவையல்ல. கிருமியற்ற காற்றறை, குலுக்கு மேசை, அல்கலோயிட்டை அளக்கும் கருவி, பொறுமையுள்ள மாணவர்கள். வாழைக்கன்றுகளை இழைய வளர்ப்பில் பெருக்கும் பழக்கம் இந்த நாட்டுக்கு எப்போதோ வந்துவிட்டது. ஒலுவிலைத் தலைமையிடமாகக் கொண்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில், அந்த வயல்களின் நடுவிலேயே இருக்கிறது.

நாட்டு வைத்தியர்களும் ஹக்கீம்மாரும் இதை ஐயத்தோடு பார்ப்பதற்கு இடமுண்டு. முழு மூலிகையின் குணம் ஒரு மூலக்கூறில் அடங்காது என்று அவர்கள் சொல்வார்கள். பல மருந்துகளைப் பொறுத்தவரை அது ஆராயத் தக்க கருத்துத்தான். ஊமத்தை போன்ற நஞ்சுச் செடியில் மட்டும் நான் அளவின் பக்கம் நிற்கிறேன். ஒரே வளவில் நிற்கும் இரு செடிகளில், ஏன் ஒரே செடியின் இலையிலும் விதையிலும், அல்கலோயிட் ஒரே அளவாக இருப்பதில்லை. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலுள்ள தூரம் இங்கே மிகக் குறுகியது. அதேசமயம் எந்த நிலத்துச் செடி வீரியமானது, எந்தப் பருவத்தில் எடுக்க வேண்டும் என்பதைத் தலைமுறையாகக் கவனித்தவர்கள் அவர்கள்தாம். பொத்துவிலிலிருந்து மருதமுனை வரை எந்தெந்த ஊமத்தைகளிலிருந்து இலை எடுத்து முதல் மயிர்வேர்களைக் கிளப்புவது என்று தீர்மானிக்கும் மேசையில், உயிரியல் விரிவுரையாளருக்குப் பக்கத்தில் அவர்களும் உட்கார வேண்டும். ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர் ஒருவர் ஒரு செடியின் இருபது வழிகளை வளர்த்து அளந்து பதிந்துவைத்தாலே, அடுத்தவர் சீண்டிப் பார்ப்பதற்கும் அதற்கடுத்தவர் நெருக்கடியைத் தேடுவதற்கும் வேண்டிய தரவு சேர்ந்துவிடும்.